தோல் வாஷர்

ஒரு வேலை எப்போது தொழிலாக இருக்கிறது, எப்போது சாதியாகிவிடுகிறது? கை ஒன்றுதான், ஊசி ஒன்றுதான், தைக்கிற தோலும் ஒன்றுதான். ஒரு ஊரில் அதைச் செய்கிறவன் கைவினைஞன் என்று மாலை வாங்குகிறான். இன்னொரு ஊரில் அதே வேலையைச் செய்கிறவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்கிறான். வித்தியாசம் வேலைக்குள் இருக்கிறதா, வேலைக்கு வெளியே இருக்கிறதா?

பறை விஷயத்தில் இந்த விவாதம் நம்மிடையே ஏற்கனவே நடந்திருக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்த சேரிகள் உண்டு. போட்டுக் கொளுத்திய சேரிகளும் உண்டு. அதே பறையை விடுதலையின் குரல் என்று மேடையேற்றியவர்களும் நம்மவர்கள்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இன்னமும் இருக்கிறது. நான் கலைஞன் இல்லை, எனக்குத் தெரிந்தது வண்டி வேலை. ஆகவே ஒரு பழைய ஜாக்கியை வைத்து இதைப் பேசிப் பார்க்கிறேன்.

பிக்கட்டியில் பச்சைத் தேயிலை ஏற்றுகிற வண்டிகளுக்கு வேலை பார்க்கிறவன் நான். காயலாங்கடையில் எடைக்குக் கிடந்த ஒரு டிராலி ஜாக்கியை வாங்கி வந்தேன். அடியில் சக்கரம் வைத்து, தரையில் உருட்டிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் தள்ளுவோமே, அந்த ரகம். பெயர், ஊர் எல்லாம் துருவில் அழிந்துவிட்டது. குந்தா அணை வேலைக் காலத்துச் சாமான் என்று கடைக்காரர் சொன்னார். அடித்தால் ஏறும், ஆனால் நிற்காது. வண்டியைத் தூக்கிவிட்டு டீ குடித்து வருவதற்குள் மெதுவாக இறங்கிவிடும். எங்கள் பாஷையில் 'கீழ போகுது' என்போம்.

பிரித்தேன். எண்ணெய் தார் மாதிரிக் கறுத்து, தண்ணீர் கலந்து வந்தது. இந்த மலையின் பனியும் மழையும் எந்த இரும்பையும் சும்மா விடாது. சின்ன பிஸ்டன், பெரிய பிஸ்டன், எண்ணெய் ஒரு பக்கமே போகும்படி அடைக்கிற எஃகு உருண்டைகள், இறக்குவதற்கான ரிலீஸ் வால்வு. இவ்வளவுதான் ஜாக்கியின் வயிறு. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். சிலிண்டர் சுவரில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், கீறல் ஆழமாக இல்லை. உருண்டைகளைப் புதிதாக மாற்றி, பித்தளைக் கம்பியை வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினால் உட்காருமிடம் சரியாகிவிடும். பெரிய பிஸ்டனின் காலடியில் நட்டைக் கழற்றியபோதுதான் அது வந்தது. கிண்ணம் மாதிரி வளைத்துச் செய்த, கருகிச் சுருங்கிப்போன ஒரு தோல் வாஷர்.

இன்றைக்கு எல்லா ஜாக்கியிலும் ரப்பர் சீல்தான். அந்தக் காலத்தில் தோல். அடைத்து வைத்த திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டு சொன்னார். சின்ன பிஸ்டனைவிடப் பெரிய பிஸ்டனின் பரப்பு 20 மடங்கு என்றால் ஒரு கிலோ அழுத்தம் 20 கிலோவைத் தூக்கும். பதிலுக்கு நாம் 20 மடங்கு தூரம் அடிக்க வேண்டும், எதுவும் ஓசியில் வராது. தத்துவம் கிடைத்துவிட்டது, கருவி வர நூறு வருசத்துக்கு மேல் ஆனது. லண்டனில் ஜோசப் பிரமா என்பவர் 1795இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெயோ தண்ணீரோ கசியாமல் நிறுத்துவதுதான் அதில் பெரிய தொல்லை. அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லே என்ற தொழிலாளி தோலைக் கிண்ணமாக மடித்துப் போட்டுத் தீர்த்தார் என்று தொழில்நுட்ப வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கிண்ணத்தின் உள்ளே புகுகிற அழுத்தமே அதன் உதட்டைச் சுவரோடு சேர்த்து இறுக்கும். பாரம் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும். பிரஸ்ஸுக்கு முதலாளியின் பெயர் வந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டபோது கிடைக்காததால் மாட்ஸ்லே 1797இல் வெளியேறிச் சொந்தப் பட்டறை போட்டார். பிற்பாடு இங்கிலாந்தின் பெயர் பெற்ற இயந்திரக் கலைஞர்களில் ஒருவரானார்.

அவர் வெளியேறினார் என்பதை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே தோல்தான் கொங்கு நாட்டில் கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கியது. கவலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தோலால் தைத்த வால் ஒன்று இருக்கும். மாடு பள்ளத்தில் இறங்க, சால் மேலே வரும், வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அதைத் தைத்தவர்கள் எங்கள் அருந்ததியர் சனங்கள். என் தாத்தாவும் தைத்தார். செத்த மாட்டைத் தூக்கவும், உரிக்கவும், ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடவும், தைக்கவும் அவர். அறுவடைக்குக் களத்தில் வருசக் கூலியாக இத்தனை வள்ளம் தானியம். எத்தனை வள்ளம் என்பதை முடிவு செய்கிறவர் காட்டுக்காரர். இறைப்பு நடக்கும்போது வால் கிழிந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆள் வரும். உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீர் வெங்காயத்துக்கும் மஞ்சளுக்கும் பாய்ந்தது, காட்டுக்காரர் வீட்டுக் குடத்துக்கும் போனது. தாத்தா மட்டும் அந்தக் கிணற்றுப் படியில் கால் வைக்கக் கூடாது.

தோல் தீட்டு என்றால் அந்தத் தண்ணீர் முழுக்கத் தீட்டாயிருக்க வேண்டும். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பிற்காலத்தில் ஊர் ஊராக அடிபம்பு வந்தது. 1970களில் உருவான இந்தியா மார்க் 2 அடிபம்பிலும் முதலில் தோல் வாஷர்தான், அப்புறம்தான் ரப்பர். அக்ரகாரத்துக்காரரும் ஊர்க்காரரும் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். மிருதங்கத்தின் தோலுக்கும் தீட்டில்லை. பொருள் உள்ளே வரலாம், பொருளைச் செய்தவன் வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆகவே தீட்டு என்பது தோலைப் பற்றிய நம்பிக்கை என்று யாராவது ஆராய்ச்சி பண்ணினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ஆளைப் பற்றிய கணக்கு. கூலியைக் குறைத்து வைக்கவும், ஆள் விலகிப் போகாமல் கட்டி வைக்கவும் போட்ட கணக்கு. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்தது என்று அம்பேத்கர் 1936இல், 'சாதி ஒழிப்பு' நூலில், விளக்கியது இதைத்தான்.

இனி ஜாக்கிக்கு வருவோம். அந்த வாஷரை என்ன செய்வது? அளவைக் கொடுத்தால் கோயம்புத்தூரில் செயற்கைச் சீல் கடைந்து தருவார்கள். அல்லது நானே ஒரு தோலை வெட்டிச் செய்யலாம். செய்முறை கஷ்டம் இல்லை. பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கட்டையில் கடைந்த அச்சில் வைத்து அழுத்தி, இரண்டு நாள் காயவிட்டு, உதட்டைச் சாய்வாகச் சீவி, எண்ணெயில் ஊறப்போட வேண்டும். பதனிடும் பட்டைக்கும் இந்த மலைக்கும்கூடச் சம்பந்தம் உண்டு. நாம் சீகை என்று சொல்கிற வாட்டில் மரத்தை நீலகிரியின் புல்வெளிகளில் நட்டதற்கு அந்தப் பட்டை ஒரு முக்கியக் காரணம்.

நான் தோலை ஊறப்போட்டதைப் பார்த்த அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏண்டா, இந்த நாத்தத்த விட்டுட்டு வாரதுக்குத்தான் உங்க தாத்தா எங்களக் கூட்டிட்டு மலையேறுனாரு. மறுபடியும் இதையே கொண்டாந்து வெக்கறயே" என்றார். அணை வேலைக்குக் குடும்பத்தோடு வந்தபோது அவருக்குப் பத்து வயசு. நான் ஏதோ விளக்கம் சொல்லப் போனேன். "உனக்கு வேண்டாம்னா நாளைக்கு விட்டுட்டுப் போயிருவே. உங்க தாத்தனால விட முடிஞ்சுதா? ரெண்டும் ஒண்ணாயிருமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

பட்டறைக்கு வந்து போகிற ஒரு கல்லூரி மாணவர் நேர் எதிராகப் பேசினார். "அண்ணே, இது நம்ம அறிவுண்ணே. வெள்ளக்காரன் கண்டுபிடிச்சதா எழுதி வெச்சிருக்கான். கிணத்துல அழுத்தம் தாங்கற மாதிரி தோல் தைக்க நம்ம ஆளுகளுக்குத் தெரிஞ்சிருக்கே. இத விட்டுட்டா யாரு சொல்லுவா?" என்றார்.

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். ஆனால் மாணவரின் பேச்சில் ஒரு ஆபத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. 'பரம்பரை அறிவு' என்ற சொல்லை நம்மைவிட அதிகமாக விரும்புகிறவர்கள் வேறு ஆட்கள். 1953இல் ராஜாஜி பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது, 1954இல் அது போனது. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தை 18 தொழில்களுக்குக் கொண்டுவந்தது. செருப்புத் தைப்பதும் அதில் ஒன்று. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்வரை அதை ஏற்க முடியாது என்று 2024இல் தமிழக அரசு சொன்னது. கைவினையைப் பாராட்டுகிற வாய், அந்தக் கைவினைஞனின் மகனையும் அங்கேயே உட்காரச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்பாவின் பேச்சில் உள்ள கேள்விதான் எனக்கு அளவுகோலாகப் படுகிறது. விட முடியுமா? 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைப் பசுவைக் கொன்றதாகச் சொல்லி நடுத்தெருவில் அடித்தார்கள். அதன் பிறகு சுரேந்திரநகரில் நம் சனங்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். உங்கள் தாய் என்றால் நீங்களே எடுத்து அடக்கம் பண்ணுங்கள் என்றார்கள். உரிக்கத் தெரியாதவன் இந்தப் போராட்டத்தை நடத்த முடியாது. தெரிந்தவன் மாட்டேன் என்று சொன்னதால்தான் ஊர் நாறியது. மறுக்க முடிகிற அன்றைக்குத்தான் அந்த அறிவு நமக்குச் சொந்தமாகிறது. அதுவரை அது நம் கையில் இருந்தாலும் அவனுடைய சொத்து.

தாத்தாவுக்கு அந்த 'மாட்டேன்' எங்கிருந்து கிடைத்தது? காட்டுக்காரர் மனம் மாறவில்லை. 1932இல் பைக்காராவிலிருந்தும், 1960களில் குந்தாவிலிருந்தும் மின்சாரம் கோவைப் பக்கம் இறங்கியது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது, கவலை நின்றது, தோல் வாலுக்கு வேலை இல்லாமல் போனது. தாத்தா மண் சுமந்த அணை, தாத்தாவின் ஊசியை ஓய வைத்தது. விடுதலை என்று இதை முழுசாகச் சொல்ல முடியாது. வருசத் தானியமும் போயிற்று, நிலம் கிடைக்கவில்லை. தீட்டும் மோட்டாரோடு போய்விடவில்லை. மேலே ஏறி வந்தால் வேறு சாதிகள், வேறு திண்ணைகள். ஒரு டீக்கடையில் எங்களுக்குத் தனிக் கிளாஸ் இருந்ததை நானே சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ராத்திரியில் வந்து கூப்பிட ஆள் இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் அப்பா பள்ளிக்கூடம் போனார்.

ஆகவே நான் தோலையே போட்டேன். ரப்பர் கிடைக்கும், போட்டிருக்கலாம், போடவில்லை. அது என் இஷ்டம். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை. என் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற கடமையும் இல்லை, அவள் கேட்டால் சொல்லித் தருவேன். ஹைட்ராலிக் ஆயில் ஊற்றி, ரிலீஸ் வால்வைத் திறந்துவிட்டு நாலைந்து தடவை அடித்துக் காற்றை வெளியேற்றினேன். (இதில் சிலர் பிரேக் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். ரப்பர் சீல் உள்ள ஜாக்கி என்றால் சீல் ஊதிக் கெட்டுவிடும்.) தேயிலை வண்டியைத் தூக்கி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனேன். காலையில் கோடு அப்படியே இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏற்றுக்கொண்டதாக நான் எழுத மாட்டேன்.

தோல் அழுத்தம் கூடக் கூட இறுகிப் பிடிக்கும் என்று சொன்னேன். இதை நம் சனங்களுக்கு உவமையாக்கி, எத்தனை மிதித்தாலும் தாங்குகிற மக்கள் என்று கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தாங்குவது வாஷருக்குப் பெருமை, மனுசனுக்கு இல்லை. தாங்கினார்கள் என்று நாம் புகழப் புகழ, ஏற்றியவன் கணக்கிலிருந்து தப்பித்துக்கொள்கிறான்.

ஜாக்கியை எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. அதை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டோ கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். சீல் எந்த நேரமும் விடலாம். நல்ல மனசு உள்ள முதலாளி, முற்போக்கான அதிகாரி, தொட்டுப் பழகுகிற பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஜாக்கி மாதிரி. தூக்குவார்கள், நன்றி. ஆனால் ஒரு தொழிலாளி மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுடைய மனசில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. நிலம், படிப்பு, சங்கம், அமலாகிற சட்டம் ஆகியவற்றின் மேல் நிற்க வேண்டும். கைவினை, பாரம்பரியம், மக்கள் கலை என்று நம்மிடம் பேச வருகிறவர்களிடம் நாம் மூன்று கேள்வி கேட்கலாம். செய்கிறவன் மறுக்க முடியுமா? விலையைச் சொல்வது யார்? அவன் மகள் வேறு வேலைக்குப் போக வழி இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால் தோலைத் தைப்போம், பறையை அடிப்போம், ஜாக்கியைப் பழுது பார்ப்போம். வராத இடத்தில், ஊசியைக் கீழே வைப்பதுதான் நமக்குத் தெரிந்த நல்ல வேலை.