இழப்பும் ஏற்றமும்

கோடைக்கானற் குறிஞ்சியாண்டவர் திருக்கோயில் 1936-ஆம் ஆண்டில் எழுந்தது. எழுப்பியவர் ஈழத்துச் சேர் பொன்னம்பலம் இராமநாதனவர்களின் துணைவியார் லீலாவதி அம்மையார். மேனாட்டிற் பிறந்து, பிறந்த சமயம் விடுத்துச் சைவநெறி புக்கவர். விடுத்தவன்று, பெறுவது இன்னதென அவர்க்கு உறுதி கூறினார் யாவர்? அம்மலையில் நீலக்குறிஞ்சியும் பன்னீராண்டிற்கு ஒருகாற் பூத்து, வித்தீந்து மாயும். அவ்வித்தினின்றே மலை மீண்டும் நீலமாகும்.

இழப்பெல்லாம் ஏற்றமோவெனின், அன்று. புகழ் வேண்டி இழப்பது வாணிகம். யான் எனதென்னும் பற்றினைத் திருவருட்கு ஒப்புவித்து இழப்பதே தவம்.

அக்கோயிலினின்று நோக்கிற் பழனிமலை தோன்றும். அங்குப் படியேறுவார் கீழ்ப்படியை விட்டே மேற்படி பெறுவர். இடையே ஒருகணம் தூக்கிய அடிக்கு நிலமில்லை. அக்கணத்தே தாங்குவது அருளென்று தேறாதார், அடிவாரத்தே நிற்பர்.