ஒன்றும் நடக்காத இரவு

திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள்; ஸ்ரீரங்கம் போவார்கள். பொன்மலையைப் பார்க்க யாரும் போவதில்லை. தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்து 1928-ல் அங்கே கொண்டுவந்தது. 1946 செப்டம்பரில் தொழிலாளர் ஐவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதும் அங்கேதான். பழைய பட்டறையைச் சேர்ந்த அந்த வட்டாரத்தில் டீசல் எஞ்சின்களைப் பராமரிக்கும் ஷெட் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு நண்பர் ஒருவரின் நினைவு வரும். அவர் பொன்மலைக்காரர் அல்ல. வேறோர் ஊரில் இதே மாதிரி ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"முப்பது வருஷம் என்ன உத்தியோகம் பார்த்தேன் தெரியுமா, ஸார்? ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டேன்" என்பார்.

வேடிக்கைப் பேச்சு அல்ல. ஓடிக் களைத்து எஞ்சின் ஷெட்டுக்கு வருகிறது. குழிக்குள் இறங்கி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, எண்ணெய் எவ்வளவு என்று பார்த்து, டீசல் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்துக்கு ஒரு பரிசோதனை, வருஷத்துக்கு ஒரு பெரிய பரிசோதனை என்று வேறு உண்டு.

நீராவி எஞ்சின் வெகுளி. எங்கே வலிக்கிறது என்று சீறிக் காட்டிவிடும். டீசல் அழுத்தக்காரன். 1964-ல் காசியில் தயாராக ஆரம்பித்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைச் சக்தி; அத்தனையும் இரும்புக் கூட்டுக்குள் மறைவு. ஆகையால் அதன் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். செம்பு கூடியிருந்தால் எங்கோ பேரிங்கோ புஷ்ஷோ தேய்கிறது. இரும்பு கூடினால் சிலிண்டர்ச் சுவரையும் வளையங்களையும் சந்தேகிக்க வேண்டும். சிலிக்கான் இருந்தால் வடிகட்டியை ஏமாற்றித் தூசி உள்ளே போகிறது. நாடி பிடிக்கிற வைத்தியருக்குக்கூட இவ்வளவு பிடிபடுமா என்பது சந்தேகந்தான்.

மணலுக்கு மட்டும் இப்படி ஒரு சோதனை கிடையாது. எஞ்சினில் மணல் பெட்டிகள் உண்டு. மழையில் தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் காற்று அந்த மணலை ஊதித் தள்ளும். பிடிப்பு வரும். அவசரமாக நிறுத்த வேண்டியிருந்தாலும் அதுதான் துணை.

ஒரு மழை இரவு. வண்டிக்கு நேரமாகிவிட்டது; டெலிபோன் ஓயாமல் அடிக்கிறது. "போன தடவைதானே நிரப்பினோம்" என்றான் கூட இருந்தவன். நண்பர் மூடியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். டிரைவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், ஏறினார், போனார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் எஞ்சின் சௌக்கியமாகத் திரும்பி வந்தது. நண்பரை இன்றுவரை உறுத்துவது அதுதான்.

வக்கீல் சிநேகிதர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கேடு விளையாதபோது குற்றம் ஏது?" என்று சிரித்தார். கச்சேரிக்கு அது போதும். ஆனால், முதுகு ஒடியக் குழிக்குள் இறங்கிப் பார்த்த ஆயிரம் இரவுகளிலும் ஒன்றும் நடக்கவில்லை; மூடியைத் திறக்காத அந்த ஓர் இரவிலும் ஒன்றும் நடக்கவில்லை. பலனை மட்டும் வைத்துக் கணக்கெழுதினால் இரண்டும் ஒரே பத்தியில் அல்லவா விழுகின்றன? ஒழுங்காகச் செய்த வேலைக்கு அடையாளமே இல்லையென்றால், அதைச் செய்தவனுக்கு எதுதான் மிச்சம்?

என் தொழிலில் இந்தத் தொல்லை இல்லை. கதை மோசமாக இருந்தால் வாசகர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். யாருக்கும் எலும்பு முறியாது. அந்த டிரைவரோ முகம் தெரியாத ஒருவரின் பெயரை நம்பி, மழையில் நூற்றுக்கணக்கான பேரை இழுத்துக்கொண்டு போனார். வண்டி பத்திரமாகத் திரும்பியது அவருடைய அதிர்ஷ்டம். நண்பர் அவருக்குச் செய்தது துரோகம் என்றே நினைக்கிறேன். நண்பரும் அப்படித்தான் நினைக்கிறார். அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

இப்போது அகலப் பாதைகளில் பெரும்பாலும் மின்சார எஞ்சின்கள். அவற்றுக்கும் மணல் பெட்டி உண்டு. போன மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் மதுரைக்குப் போனபோது, புறப்படுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கையில் நண்பர் குடையை எடுத்துக்கொண்டு எஞ்சின்வரை நடந்தார். குனிந்து பார்த்துவிட்டு நனைந்த காலோடு திரும்பினார்.

"மணல் இருக்கிறதா?" என்றேன்.

"மூடியைத் திறக்காமல் எப்படி ஸார் சொல்வது?" என்றார்.