எண்ணிக்கை குறைந்தால் நோய் குறைந்ததா?

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், இருப்பது இயல்பு. எலும்பு மஜ்ஜையின் தாயணு ஒன்றில் மரபணு மாற்றம் நேர்ந்து, அதன் வழிவந்த அணுக்கள் தட்டணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் நாட்பட்ட நோய் எசென்ஷியல் திராம்போசைதீமியா. எண்ணிக்கை நாலரை லட்சத்துக்கு மேலேயே நிற்கும். பத்து லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடமோ சற்றுக் கூடுதலானவரிடமோ காணப்படும் ஜாக்-2 மரபணு மாற்றம் 2005-இல் கண்டறியப்பட்டது. வேறெதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் பலருக்கு இந்நோய் தெரியவருகிறது. சிலருக்கு உள்ளங்கால் சிவந்து நெருப்பாய் எரியும்; குறைந்த அளவு ஆஸ்பிரினிலேயே அது பெரும்பாலும் அடங்கிவிடும். அஞ்ச வேண்டியது மூளையிலோ இதயத்திலோ காலிலோ இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதைத்தான். ஆண்டுகள் பல கடந்தபின் சிலருக்கு மட்டும் மஜ்ஜை நார்த்திசுவாக இறுகுவதும், இன்னும் சிலருக்கு இரத்தப் புற்றாக மாறுவதும் உண்டு.

ஆக, இங்கே மருந்து தரப்படுவது பெரும்பாலும் இன்றைய வலிக்காக அல்ல. என்றோ வரக்கூடிய, வராமலே போகவும் கூடிய ஒரு கேட்டைத் தடுப்பதற்காக. அந்த மருந்து உண்மையில் தடுக்கிறதா என்று அறிய, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பதே மிக நம்பகமான வழி. ஆனால் தன்னை நம்பி வந்தவருக்கு எது நல்லது என்று தன் அறிவைக் கொண்டு முடிவுசெய்வது மருத்துவரின் கடமை. அந்த முடிவைச் சீட்டிடம் விடலாமா? அமெரிக்கச் சட்ட அறிஞர் சார்லஸ் ஃப்ரைட் 1974-இல் இதைக் கூர்மையாக எழுப்பினார். தனிமனிதருக்குரிய கவனிப்பு நோயாளியின் உரிமை. வருங்கால நோயாளிகளின் நன்மைக்காக அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது எளிதில் நியாயமாகிவிடாது என்பது அவர் வாதம். 1987-இல் பெஞ்சமின் ஃப்ரீட்மன் தந்த விடைதான் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. ஒரு மருத்துவரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆனால் துறை வல்லுநர்களிடையே எது மேல் என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு நிலவும்வரை, சீட்டுக் குலுக்குவதால் எந்த நோயாளிக்கும் தெரிந்தே தீங்கு செய்ததாகாது என்றார் அவர்.

இந்த விடையின் வலிமையையும் அது கேட்கும் விலையையும் இத்தாலியின் பெர்கமோ மருத்துவர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் ஒருசேரப் பார்க்கலாம். அறுபது வயதைக் கடந்தவர்கள், முன்பே இரத்த உறைவு கண்டவர்கள் என ஆபத்து மிகுந்த 114 பேர் அதில் சேர்ந்தனர். 56 பேருக்கு மஜ்ஜையின் உற்பத்தியை அடக்கும் ஹைட்ராக்சியூரியா தரப்பட்டது. 58 பேருக்கு அத்தகைய மருந்து எதுவும் தரப்படவில்லை. சுமார் இரண்டேகால் ஆண்டுக் கண்காணிப்பில் முதல் பிரிவில் இருவருக்கும் இரண்டாம் பிரிவில் பதினான்கு பேருக்கும் இரத்த உறைவு நேர்ந்தது. ஆய்வு தொடங்கியபோது விடை தெரியாது. ஆகவே யாரும் ஏமாற்றப்படவில்லை. எனினும் இன்று உலகெங்கும் இந்நோயாளிகளுக்கு அந்த மாத்திரை எழுதித் தரப்படுவது, அந்தப் பதினான்கு பேரின் உடலில் நேர்ந்ததை ஆதாரமாகக் கொண்டுதான். அறியாமை சீட்டுக் குலுக்கலை நியாயப்படுத்தும் என்பது சரியே. ஆனால் அறிவு வந்தபின் அந்தக் கடன் யாருக்கும் நினைவில்லாமல் போவது நல்ல மருத்துவ மரபு ஆகாது.

அடுத்த பெரிய பாடம் 2005-இல் வந்தது. பிரிட்டனின் தலைமையில் 809 நோயாளிகளை வைத்து, ஆஸ்பிரினோடு ஹைட்ராக்சியூரியாவும் ஆஸ்பிரினோடு அனாகிரலைடு என்ற மற்றொரு தட்டணுக் குறைப்பு மருந்தும் ஒப்பிடப்பட்டன. இரு பிரிவிலும் தட்டணு எண்ணிக்கை ஒரே அளவுக்கு அடங்கியது. ஆனால் அனாகிரலைடு பெற்றவர்களுக்குத் தமனி அடைப்பும் கடும் இரத்தப்போக்கும் மஜ்ஜை இறுகலும் கூடுதலாக நேர்ந்தன. சிரை அடைப்பு மட்டும் குறைவு. காகிதத்தில் பதியும் எண் ஒன்றாக இருக்க, மனிதர்களுக்கு நேர்ந்தது வேறாக இருந்தது. அளப்பதற்கு எளிதான ஒன்றை நோயாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அரிது.

இன்டர்பெரான் என்ற இன்னொரு மருந்தின் கதையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் வைரஸைத் தடுக்கும் பொருளாக இதைக் கண்டறிந்தனர். 1980-களில் தட்டணு மிகையைக் குறைக்க இது பயன்பட்டது. பின்னர் வாரம் ஒருமுறை போடும் நீடித்த வடிவமும் வந்தது. மற்ற மருந்துகள் உற்பத்தியை அடக்க, இது சில நோயாளிகளிடம் மரபணு மாற்றம் கொண்ட அணுக்களின் பங்கையே குறைக்கிறது. நோயின் வேரைத் தொடும் மருந்து என்ற நம்பிக்கை அதனால் பிறந்தது. விலையும் உண்டு. ஊசி போட்ட இரவில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுப்பார்கள். மனச்சோர்வு பிடித்துக்கொண்டால், அதை நோயாளிக்கு முன்பே வீட்டார் கவனிப்பதும் உண்டு.

இந்நோயோ அதன் உறவான சிவப்பணு மிகை நோயோ உள்ள 168 பேரிடம் நீடித்த இன்டர்பெரானையும் ஹைட்ராக்சியூரியாவையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் முழுப் பலன் கண்டவர்கள் முறையே 35, 37 விழுக்காடு; பெரிய வேறுபாடில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளில் இன்டர்பெரான் முந்தியது. ஜாக்-2 மாற்றத்தின் பங்கும் அதில் கூடுதலாகக் குறைந்தது. அதேசமயம் மஜ்ஜைத் திசுவில் முன்னேற்றம் ஹைட்ராக்சியூரியா பிரிவில் அதிகம். கடும் பக்கவிளைவுகள் 28 விழுக்காட்டுக்கு எதிராக இன்டர்பெரான் பிரிவில் 46 விழுக்காடு. இரத்த உறைவும் நோய் முற்றுதலும் இரண்டிலுமே அரிதாக இருந்ததால், இறுதிக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

அது ஆய்வாளர்களின் குறையன்று. இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும் நோயை மூன்றாண்டுச் சோதனை முழுதாகப் பார்க்க முடியாது. ஆகவே அளக்கக்கூடியவற்றை அளக்கிறார்கள்: தட்டணு எண்ணிக்கை, மண்ணீரல் அளவு, மாற்றமடைந்த மரபணுவின் பங்கு. மரபணுப் பங்கு குறைந்தவர் நீண்ட நாள் வாழ்வார் என்பது நியாயமான எதிர்பார்ப்பு, நிரூபணம் அல்ல. ஃப்ரீட்மனின் விடைக்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டியது இங்கேதான். சீட்டுக் குலுக்கல் நியாயமாவதற்குத் துறைக்கு விடை தெரியாமல் இருப்பது மட்டும் போதாது. எந்தக் கேள்விக்கு விடை தேடப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாதம் வராமல் இருக்குமா என்று கேட்டு வந்தவரிடம், எண்ணிக்கை எவ்வளவு இறங்கும் என்பதை மட்டுமே காட்டப்போகும் ஆய்வுக்குக் கையெழுத்து வாங்கினால், படிவத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் அந்த ஒப்புதல் அரைகுறையே.

தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1969-இல் இன்னும் கடுமையாகச் சொன்னார். மருத்துவ முன்னேற்றம் விரும்பத்தக்க இலக்கு; ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தும் கடமை அல்ல. ஆய்வின் நோக்கத்தைப் புரிந்து தன் நோக்கமாகவே ஏற்பவர்தான் சோதனைக்கு முதலில் வர வேண்டும். மறுக்க இயலாத நிலையில் இருப்பவர் கடைசியில். இந்த அளவுகோல் நடைமுறைக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் உடலில் வலியே இல்லாத ஒருவர், தமக்கு உடனடிப் பயன் உறுதியில்லாதபோதும் வாரந்தோறும் ஊசியின் அவதியை ஏற்கும் இந்த நோயில், இதைவிடத் தளர்ந்த அளவுகோல் பொருந்தாது.

இத்தனைக்கும் வெளியே நிற்பவர்கள் கருவுற்ற பெண்கள். ஹைட்ராக்சியூரியா கருவுக்குக் கேடு என்பதால் தவிர்க்கப்படுகிறது; அனாகிரலைடும் நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும் என்ற அச்சத்தால் தரப்படுவதில்லை. மருந்து தேவைப்படும்போது மூலக்கூறு பெரிதான இன்டர்பெரானே தேர்வாகிறது. அந்தத் தேர்வுக்கு ஆதாரம் சீட்டுக் குலுக்கும் சோதனை அல்ல. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுத்து வைத்த தனித்தனி நோயாளிகளின் பதிவுகள். கருவில் இருப்பவரின் ஒப்புதலை யார் தருவது என்ற கேள்வியால் இவர்கள் ஆய்வுகளிலிருந்து விலக்கப்பட்டனர். விலக்கியதன் விளைவு, ஆய்வுக்குள் கண்காணிப்போடு எடுக்கவேண்டிய ஆபத்தை ஆய்வுக்கு வெளியே, குறைந்த ஆதாரத்தோடு, ஒவ்வொரு தாயும் தன் மருத்துவரும் சேர்ந்து எடுக்கிறார்கள்.