வெறுங்கால் என்ற பெயர்

'வெறுங்கால் ஷூ' என்ற சொற்சேர்க்கையில் உள்ள முரணை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஷூ இருந்தால் கால் வெறுங்காலாக இல்லை. கால் வெறுங்காலாக இருந்தால் ஷூ இல்லை. இருந்தும் இந்தப் பெயரில் ஒரு பொருள் உலகெங்கும் விற்பனையாகிறது. காட்டுப் பாதைகளில் ஓடுகிறவர்களும் மலை நடப்பவர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். நானும் சில வருஷங்களாக மலைப்பாதைகளில் அதைத்தான் போட்டு நடக்கிறேன். பொருளைப் பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை. பெயரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல பொருளுக்குப் பொய்யான பெயர் வைக்கப்படும்போது அந்தப் பொய் பொருளோடு நிற்பதில்லை, அதை அணிகிறவனின் பிரக்ஞைக்குள்ளும் புகுந்துவிடுகிறது என்று எனக்குப் படுகிறது.

பொருள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். சில மில்லிமீட்டர் கனமே உள்ள ரப்பர் ஸோல். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் நிற்கும். வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பது சகஜம். விரல்கள் விரிய இடம் உண்டு. பாதத்தின் வளைவைத் தாங்கும் அட்டை கிடையாது, மெத்தை கிடையாது. அதாவது இதன் லட்சணங்களில் பெரும்பாலானவை இல்லாமைகள். இந்த இல்லாமைகளுக்குத்தான் விலை கொடுக்கிறோம். அதுவும் குறைந்த விலை அல்ல.

இதைப் பரவலாக்கிய முதல் பெயர் விப்ரம் என்ற இத்தாலியக் கம்பெனியுடையது. ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை வைத்து, ஒரு கையுறையைக் காலில் மாட்டிய மாதிரி இருக்கும் அதை 2006 வாக்கில் அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் கம்பெனி பிறந்த காரணமே இதற்கு நேர் எதிரானது. அன்றைய மலையேறிகள் அடிவாரம் வரை ஆணியடித்த கனத்த பூட்ஸில் போய், பாறையில் ஏறும்போது மெல்லிய ஸோல் உள்ள காலணிக்கு மாறிக்கொள்வது வழக்கம். 1935ல் ஆல்ப்ஸ் மலையில் புன்ட்டா ராஸிக்கா சிகரத்தில் பனிப்புயலில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களோடு போய் உயிர் தப்பிய வீட்டாலே பிரமானி, காலணி சரியில்லாததும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று முடிவு செய்து, இரண்டு வருஷங்களில் ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய கனத்த ரப்பர் ஸோலை உண்டாக்கினார். 1954ல் கே2 சிகரத்தை முதலில் தொட்ட இத்தாலியர்களின் பூட்ஸில் அந்த ஸோல்தான் இருந்தது. ஆறு சாவுகளிலிருந்து தோன்றிய அந்தக் கனம், எழுபது வருஷங்களுக்குப் பின், அதே கம்பெனியின் கையால் களையப்படுகிறது. இதைச் சந்தையின் தந்திரம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. பாதுகாப்பு ஒரு எல்லையைத் தாண்டும்போது அது எதையோ எடுத்துக்கொண்டுவிடுகிறது என்ற உணர்வு உண்மையானது. எதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

ஆரோக்கியம் என்று ஒரு பதில் சொன்னார்கள். 2010ல் டேனியல் லீபர்மனும் அவர் சகாக்களும் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஷூ இல்லாமலே ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் தரையின் எதிரடி அவர்கள் உடம்பில் குறைவாகத் தாக்குகிறது என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய வருஷம்தான் கிறிஸ்டஃபர் மக்டூகலின் புத்தகம் மெக்ஸிகோவின் ராராமுரி மக்களை ஓட்டத்தின் ஆதி மனிதர்களாக ஊரறியச் செய்திருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு அலையைக் கிளப்பின. 2013ல் வடக்குக் கென்யாவின் தாஸனச் மக்களை ஆராய்ந்தவர்கள், வாழ்நாளெல்லாம் வெறுங்காலில் இருந்த அவர்களில் பலர் நிதானமான வேகத்தில் குதிகாலில்தான் இறங்குகிறார்கள் என்று கண்டார்கள். அவசரமாக இந்த ஷூவுக்கு மாறிய சிலருக்குப் பாத எலும்புகளில் காயம் கண்டதும் பதிவாயிற்று. விளம்பரத்தில் சொன்ன நன்மைகளுக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை விப்ரம் 2014ல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, முப்பத்தேழரை லட்சம் டாலர் ஒதுக்கி முடித்துக்கொண்டது. அலை வடிந்தது. மக்டூகலின் புத்தகம் வெளிவந்த அதே 2009ல் பிரான்ஸில் தொடங்கிய ஹோக்கா கம்பெனியின் தலையணை போன்ற ஸோல்கள் மலை ஓட்டக்காரர்களிடம் பரவின. மருத்துவத் தளத்தில் இந்த விவாதம் இப்படித்தான் ஊசலாடும். இயற்கையான ஒரே நடை என்று ஒன்று கிடையாது என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

என்னை இழுத்தது வேறு. இந்த ஷூவில் மலைப்பாதையில் நடக்கும்போது ஈரமான வேர், உருளும் சரளை, ஓடைக்கல்லின் வழுக்கல், இரவு மழை பெய்த மண்ணுக்கும் மரத்தடியில் நனையாமல் கிடந்த மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் கண்ணுக்கு முன்பே காலுக்குத் தெரிந்துவிடுகின்றன. கனத்த பூட்ஸில் கூரான கல்லை மிதித்து நசுக்கிக்கொண்டு போய்விடலாம். இதில் முடியாது. தப்பாக வைத்த அடிக்கு அந்த இடத்திலேயே பதில் வருகிறது. இறக்கத்தில் அடி தானாகச் சிறுக்கிறது. பாதத்தின் இருபத்தாறு எலும்புகளும் ஒவ்வொன்றாக வேலைக்கு அழைக்கப்படுவது தெரிகிறது. மானிடவியலாளர் டிம் இங்கோல்ட் 2004ல் எழுதிய ஒரு கட்டுரையில், பூட்ஸும் நாற்காலியும் சேர்ந்து மேற்கத்திய மனிதனின் சிந்தனையைத் தரையிலிருந்து பிரித்துவிட்டதாக வாதிடுகிறார். அறிவு தலைக்கும் கைக்கும் உரியதாகி, கால் அவற்றைச் சுமந்து செல்லும் ஊர்தியாகக் குறைந்துவிட்டது என்கிறார். மெல்லிய ஸோலில் ஒரு மணி நேரம் இறங்கியவனுக்கு இந்த வாதத்தை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. நான் கவனமாக இருக்கத் தீர்மானித்து கவனமாக இல்லை. தரை என்னைக் கவனமாக இருக்கச் செய்கிறது. கவனம் ஒரு ஒழுக்கம் என்றால், உபதேசத்தைவிட வலிபடும் வாய்ப்பு அதற்கு நல்ல ஆசான்.

இந்த அளவில் பொருள் தன் வாக்கைக் காப்பாற்றுகிறது. பெயர் இதற்கு மேலும் சொல்கிறது. இடையில் ஒன்றுமில்லை, நீ ஆதி மனிதனின் காலுக்குத் திரும்பிவிட்டாய் என்கிறது. இங்குதான் தகராறு.

திரும்பிப் போவதற்கு அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ராராமுரிகள் வெறுங்காலில் ஓடுவதில்லை. அவர்கள் போடுவது பழைய டயரில் வெட்டிய செருப்பு. நம் ஊர் டயர் செருப்பின் ஒன்றுவிட்ட சகோதரன். 1993ல் கொலராடோவின் லெட்வில் நூறு மைல் ஓட்டத்தில் ஐம்பத்தைந்து வயது விக்டோரியானோ சுர்ரோ முதலாவதாக வந்தது அப்படிப்பட்ட செருப்பில்தான். டயர் அவர்களுக்கு ஆதியின் சின்னமல்ல. நீடித்து உழைக்கும், காசு அதிகம் ஆகாத ரப்பர், அவ்வளவுதான். மரப்பந்தை உதைத்துக்கொண்டே அவர்கள் ஓடும் நீண்ட ஓட்டத்தில் பந்தயமும் உண்டு, பிரார்த்தனையும் உண்டு. எதுவும் ஸோலின் கனத்தைப் பற்றியதல்ல. 2020ல் லீபர்மனே, சகாக்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஓடுவதற்கென்றே பிறந்த காட்டுமனிதன் என்ற கற்பனையை மறுத்தார். அபேபே பிகிலா விஷயமும் இதுதான். 1960ல் ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி வென்றவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். கிடைத்த ஷூ காலுக்குச் சரிப்படாததால் அப்படி ஓடினார். 1964ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு மூன்று நிமிஷம் குறைவான நேரத்தில் மீண்டும் வென்றார். முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது யாருடைய தேவைக்காக என்று யோசிக்க வேண்டும்.

வெறுங்காலில் இருந்த மற்றவர்களையும் பார்க்கலாம். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது. 1909ல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் கமிஷன் தொடங்கிய வேலை அந்தப் புழுவுக்கு எதிரானது. காலில் ஷூ போடு என்பது அன்று சொல்லப்பட்ட புத்திமதிகளில் ஒன்று. 1916லிருந்து அதே வேலை இலங்கையின் தோட்டங்களிலும் நடந்தது. அங்கே மலைச்சரிவில் வெறுங்காலோடு ஏறி இறங்கியவர்கள் தமிழ்க் கூலிகள். நான் இன்று ஸ்பரிச அனுபவம் என்று சொல்கிறதை அவர்கள் கால்கள் ஆயுள் முழுதும் அறிந்திருந்தன, ரத்தசோகையாகவும் அறிந்திருந்தன.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னொரு வெறுங்கால் இருந்தது. எல்லா ஊரிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஊர்த்தெருவில் நுழையும்போது தலித் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அவர் பாதமும் மண்ணைத் தொடுகிறது, இடையில் ஒன்றுமில்லை. அதில் இருப்பது அனுபவம் அல்ல, ஆணை. கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனின் பணிவுகூட செருப்பு உள்ளவனுக்கு, அதைத் திரும்ப வந்து மாட்டிக்கொள்ளலாம் என்ற உறுதி உள்ளவனுக்கு மட்டுமே சாத்தியமான பணிவு. கழற்ற வேண்டும் என்று விதிக்கப்பட்டவனுக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதுதான் தார்மீகச் செயல். ஒரே பாதம், ஒரே மண். மதிப்பு இரண்டிலும் இல்லை. நிறுத்திக்கொள்ளும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. மலைப்பாதையில் கால் கடுத்தால் நான் உட்கார்ந்துவிடலாம். பையில் மாற்று ஷூ வைத்திருக்கலாம். இந்த வசதி என் அனுபவத்தைப் பொய்யாக்கவில்லை. ஆனால் அதை வெறுங்கால் என்று அழைக்கும்போது, இந்த வசதி இல்லாமல் மண்ணில் நின்றவர்களின் நிலையை நான் ஒரு ருசியாக எடுத்து உபயோகித்துக்கொள்கிறேன்.

அப்படியானால் இது வசதியுள்ளவனின் விளையாட்டு, கனத்த பூட்ஸுக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இதுவும் எனக்குச் சம்மதமில்லை. சாந்திதேவர் 8ம் நூற்றாண்டில் பொறுமைக்குச் சொன்ன உவமை ஒன்று உண்டு. பூமி முழுதையும் தோலால் மூட முடியாது, உன் கால் அளவுக்குத் தோல் இருந்தால் பூமி மூடப்பட்டதாகிறது என்ற பொருளில். உவமை பொருந்துகிறது. ஆனால் அந்தத் தோல் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்று அதில் இல்லை. பூமியே தெரியாத அளவு கனமான பொறுமைக்கு மரத்துப்போதல் என்று வேறு பெயர் உண்டு.

இங்கு 2019ல் 'நேச்சர்' வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களையும் ஷூ போடுகிறவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெறுங்கால்காரர்களின் பாதத்தில் காய்ப்பு தடித்திருந்தது. ஆனால் அந்தத் தடிப்பு ஸ்பரிச உணர்வைக் குறைக்கவில்லை. கடினமான காய்ப்பு தரையின் அதிர்வை உள்ளே இருக்கும் நரம்புகளுக்கு அப்படியே கடத்திவிடுகிறது. அதாவது தடித்த தோல் என்றால் உணர்ச்சியற்ற தோல் என்று நாம் பேசிவருவது உடம்பைப் பொறுத்தவரை தப்பு. பாதுகாப்பும் உணர்வும் ஒன்றையொன்று தின்றுதான் வாழவேண்டும் என்பதில்லை. தரையோடு நேர்ந்த உறவிலிருந்தே வளர்ந்த பாதுகாப்பு உணர்வை மறைப்பதில்லை.

மெல்லிய ஷூவால் தர முடியாதது இதுதான். அதில் நடந்து நடந்து என் பாதத் தசைகள் பலப்பட்டிருக்கின்றன. தோல் மட்டும் முன்பு போலவே மென்மையாக இருக்கிறது, ஏனென்றால் மண் அதை இன்னும் தொடவில்லை. தரை என்ன சொல்கிறது என்ற செய்தி எனக்கு வருகிறது. அந்தச் செய்தியால் மாறியிருக்க வேண்டிய என் பகுதி மாறவில்லை. மொழிபெயர்ப்பில் கவிதை படிக்கிறவனின் நிலை இது. மூலத்தில் ஏதோ இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிகிறது; நல்ல மொழிபெயர்ப்பானால் நிறையவே தெரிகிறது. அதற்காக நன்றியோடு இருக்கலாம். மூலத்தைப் படித்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

நம் வட்டத்தில் அலங்காரம் களைந்த வரி, நேரடி அனுபவம், வெறும் சொல் என்று அடிக்கடி பேசுகிறோம். களைந்த வரியும் செய்யப்பட்ட வரிதான். அதன் மெல்லிய தன்மை ஒரு வேலைத்திறன். அதைக் குறைவாக நான் நினைக்கவில்லை. அந்த வரியை எழுதியவனுக்கு எங்காவது காய்த்திருக்கிறதா என்ற கேள்வியை வரியின் மெலிவு தீர்த்துவிடாது என்று மட்டும் சொல்கிறேன். காய்ப்பை வாங்க முடியாது. நடப்பதை நிறுத்தினால் சில வாரங்களில் அது உதிர்ந்தும் போகிறது.

நான் இந்த ஷூவைத் தொடர்ந்து போடுவேன். கடைக்காரரிடம் கேட்கும்போது மெல்லிய ஷூ என்று கேட்கிறேன். அவர் அதைத் திருத்தி, 'வெறுங்கால் ஷூதானே ஸார்?' என்கிறார். இல்லை, மெல்லியது.