கேள்வி யாருடைய சொத்து?

ஜெனீவாவில் 1968-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் அமைப்பு, 11 முதல் 16 வயதினருக்கான நடுநிலைத் திட்டத்தை 1994-இல் கொண்டுவந்தது. இந்தியாவில் சில தனியார் பள்ளிகள் அதைப் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8 புள்ளிகள். இறுதியாண்டில் மாணவர் தாமே தேர்ந்துகொள்ளும் ஒரு செயல்திட்டம். இத்திட்டத்தின் பின்னே பழைய தத்துவக் கேள்வி ஒன்று நிற்கிறது: அறிவு தரப்படுவதா, தேடி அடைவதா? வினவித் தேடுவதே இத்திட்டத்தின் வழி.

வினவுவது மேற்கின் பழக்கம், பணிந்து கேட்பதே நம் மரபு என்று மறுப்போர் உண்டு. தமிழே அதை ஏற்காது. 'கேள்வி' என்ற ஒரே சொல் செவியால் கற்பதையும் குறிக்கும், வினாவையும் குறிக்கும். பிரச்ன உபநிடதத்தில் ஆறு பேர் பிப்பலாத முனிவரை நாடி வருகிறார்கள். ஓராண்டு தங்குங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார் அவர். அந்த ஓராண்டு, வினாவுக்கும் அடித்தளம் வேண்டும் என்கிறது. 'தெரிந்தால்' என்பது ஆசிரியரின் அடக்கம்.

மனப்பாடம் இல்லாமல் பொதுத்தேர்வை எப்படி எதிர்கொள்வது என்பது நியாயமான கவலை. வாய்ப்பாடு தெரியாதவன் கணக்கை ஆராய முடியாதுதான். ஆனால் நினைவு விதைநெல். களஞ்சியத்திலேயே கிடந்தால் விளைச்சல் ஏது? இத்தகைய தனியார் பள்ளிகளின் கட்டணம் பற்றிய மறுப்பு இன்னும் கனமானது: வசதியுள்ளவர் பிள்ளைக்கு மட்டும் கேட்கும் உரிமை என்றால் அது அநீதி. எனவே நாம் கடன் வாங்க வேண்டியது அந்த அமைப்பின் முத்திரையை அல்ல. 'தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்' என்று சொல்லத் துணியும் ஆசிரியர் போதும். அரசுப் பள்ளியிலும் அது இயலும்.