மனம் ஒன்றாத நியமம் வீணா?

'சுவாமிஜி, மனம் ஒன்றாமல் செய்கிற ஜபத்தால் பயன் உண்டா?'

ஆன்மிக முகாம்களில் அன்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பல ஆண்டுகள் இதற்கு நான் சாஸ்திரங்களின் துணைகொண்டு விடை கூறி வந்தேன். கேட்டவர்களும் தலையசைத்துச் சென்றார்கள். அவர்களுள் எத்தனை பேர் உண்மையில் ஆறுதல் பெற்றார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதே கேள்வி ஒருநாள் என்னிடமே வந்து நின்றபோதுதான் அதன் கனம் எனக்குப் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவில் ஓர் ஆசிரமத்தில் மொழிபெயர்ப்புப் பணியில் இருந்தேன். மாலை வேளைகளில் இலேசான காய்ச்சல் வரத் தொடங்கியது. இருமல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தது, உடல் மெலிந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது.

'முதல் 8 வாரங்கள் நான்கு மருந்துகள். அதன்பின் 16 வாரங்கள் மூன்று மருந்துகள். ஆக மொத்தம் 168 நாட்கள். ஒரு நாளும் விடக்கூடாது' என்றார் மருத்துவர்.

பிறருக்குத் தொற்றாமல் இருப்பதற்காக ஆசிரமத்தின் கோடியில் இருந்த ஓர் அறையில் தங்கினேன். அதிகாலையில் மங்கள ஆரதி மணி தொலைவில் ஒலிக்கும். இருபது ஆண்டுகளாக அந்த மணிக்கு முன்பே எழுந்து பழகியவன், போர்வைக்குள் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்துகளால் குமட்டல், மூட்டுகளில் வலி. அகராதி தலையணைக்கு அருகில் மூடியே கிடந்தது. ஜபமாலையைக் கையில் எடுத்தால் விரல்கள் மணிகளை உருட்டும். மனமோ வயிற்றுப் புரட்டலையே சுற்றிவரும்.

அப்போது ஓர் எண்ணம் எழுந்தது: 'இப்படி ரசமே இல்லாமல் நாமத்தைச் சொல்வது இறைவனை ஏமாற்றுவது ஆகாதா? மனம் தேறும்வரை நிறுத்தி வைப்பதுதானே நேர்மை?' இந்த வாதம் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. நேர்மையின் பெயரால் ஜபத்தை நிறுத்தினேன்.

ஒன்பது நாட்கள் கழிந்தன. ஜபம் மட்டுமா நின்றது? பகலில் உறங்கினேன், இரவில் விழித்துக் கிடந்தேன். உணவு கொண்டுவரும் இளம் பிரம்மசாரி சற்றே தாமதித்தாலும் எரிச்சலுற்றேன். ஒரு நூலை உருவிவிட்டால் துணி முழுவதும் இழை பிரிவதைப்போல, நாளின் கட்டமைப்பே குலைந்துவிட்டது.

பத்தாம் நாள் காலையில் சுகாதாரப் பணியாளர் வந்தார். நான் மாத்திரை விழுங்குவதை நேரில் பார்த்து, அட்டையில் குறித்துக்கொள்வது அவரது வேலை. அன்று அவரிடம், 'இன்று மனமே இல்லை. வைத்துவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கலாம்' என்றேன். அவர் அட்டையை என்னிடம் காட்டினார். 'மகராஜ்ஜி, மனம் இருக்கிறதா என்று இதில் கேட்கவில்லையே! விழுங்கினீர்களா என்றுதான் கேட்டிருக்கிறது' என்றார்.

நான் மாத்திரைகளை விழுங்கினேன். அவர் சென்ற பிறகு நெடுநேரம் அவருடைய சொற்களையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாத்திரையும் மந்திரமும்

இங்கே ஒரு தடை எழலாம். மாத்திரை உடலுக்கானது. வெறுப்போடு விழுங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் ஜபத்தின் நோக்கமே மனம்தான். மனம் கலவாத ஜபத்தை மாத்திரையோடு ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும்?

தடை சரியானதே. ஆயினும் 'மனம்' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு பொருட்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று உணர்ச்சி, மற்றொன்று சங்கல்பம். இனிமை, உருக்கம், உற்சாகம் முதலியவை உணர்ச்சிகள். அவை உடல்நிலையையும் உறக்கத்தையும் உணவையும் பொறுத்து வந்துபோகும். 'இதை நான் செய்வேன்' என்ற தீர்மானம் சங்கல்பம். உற்சாகம் முற்றிலும் வற்றிய ஒரு காலையிலும் கை ஜபமாலையை நோக்கி நீளுமானால், அங்கே மனம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? உணர்ச்சி இல்லை, ஆனால் சங்கல்பம் இருக்கிறது. நோயாளியிடம் மிஞ்சியிருக்கும் செல்வமும் அதுவே.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட அறநெறி நூலில் இதற்கு நெருக்கமான ஓர் உதாரணம் தருகிறார். இயல்பாகவே பிறர்க்கு உதவும் ஒருவர், சொந்தத் துயரத்தால் மனம் இருண்டு, பிறர்மீது பரிவே தோன்றாத நிலையை அடைகிறார். அந்நிலையிலும் கடமை என்று கருதி உதவுகிறார் என்றால், அச்செயலுக்குத்தான் உண்மையான அறமதிப்பு உண்டு என்பது கான்ட்டின் கருத்து. நமது மரபு இதனோடு நின்றுவிடவில்லை. ருசியின்றித் தொடங்கிய பயிற்சியே காலப்போக்கில் ருசியையும் தரும் என்று நம்பிக்கை ஊட்டுகிறது.

பதஞ்சலி கூறும் மருந்து

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் சாதகனுக்கு நேரும் தடைகளை ஒன்பதாக வகுக்கிறார். அவற்றுள் முதலாவதாக அவர் வைப்பது வியாதி. அதையடுத்து வருவது மனத்தின் மந்தநிலை. துயரம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு ஆகியவை இத்தடைகளின் துணைவர்கள் என்கிறார். படுக்கையில் கிடந்தபடி இப்பட்டியலை நினைவுகூர்ந்தபோது, என்னை நேரில் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது! நோயில் மனம் சோர்வது சாதகனின் தனிப்பட்ட இழிவு அன்று. பாதையில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாயிற்று.

தடைகளைச் சொன்னவர் மருந்தையும் சொல்கிறார். ஒரே தத்துவத்தைப் பற்றிக்கொண்டு பயிலுதல் என்பதே அது. பயிற்சி எப்போது உறுதிப்படும் என்பதற்கும் மூன்று நிபந்தனைகளை முன்பே கூறியிருக்கிறார்: நீண்டகாலம் செய்ய வேண்டும், இடைவிடாமல் செய்ய வேண்டும், சத்காரத்தோடு செய்ய வேண்டும்.

இந்த மூன்றாவது சொல்லைச் சற்றுச் சிந்திப்போம். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் பலமுறை கடந்துசென்ற சொல் இது. சத்காரம் என்றால் மதிப்பளித்தல், உபசரித்தல். இன்பத்தோடு என்றோ, உருக்கத்தோடு என்றோ முனிவர் கூறவில்லை. விருந்தினர் வாசலில் நிற்கிறார்; இல்லத்தரசிக்குத் தலைவலி. பாடி வரவேற்க அவரால் முடியாது. ஆயினும் எழுந்து வந்து, பாய் விரித்து, ஒரு குவளை தண்ணீர் தருகிறார். அந்த உபசாரத்தில் குறை உண்டா? சோர்ந்த நிலையில் செய்யும் ஜபமும் அத்தகையதே. பெரிய விருந்து இல்லை. ஆனால் கதவு சாத்தப்படவும் இல்லை.

மாத்திரைக்கும் மந்திரத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். மாத்திரைக்கு விழுங்கினால் போதும். மந்திரத்துக்குச் சத்காரம் வேண்டும். சத்காரமோ, ஆறுதலுக்குரிய செய்தியாக, உணர்ச்சி இல்லாதவனாலும் தரக்கூடியது.

இடமும் நியமமும்

கோயிலும் ஆரதியும் கூட்டுப் பிரார்த்தனையும் இல்லாத இடத்தில் என் சாதனை எப்படி நடக்கும் என்ற கவலையும் எனக்கு இருந்தது. இதற்கு விடை என் நோயின் வரலாற்றிலேயே கிடைத்தது.

காசநோயாளியைக் குணப்படுத்துவது தூய காற்றும் முழு ஓய்வும் சத்துணவும்தான். ஆகவே அவர் சானடோரியத்தில் தங்கியே தீர வேண்டும் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினர் தங்கள் வீடுகளிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு. ஆயினும் ஏறத்தாழ அதே அளவுக்கு அவர்களும் குணமடைந்தார்கள். 1959-இல் வெளிவந்த இம்முடிவுகள், உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்பக் காரணமாயின. முக்கியமானது இடம் அன்று. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே என்பது தெளிவாயிற்று.

நானும் சாதனைக்கு ஒரு சானடோரியத்தையே தேடிக்கொண்டிருந்தேன்! மறுநாள் முதல் மிகச் சிறிய நியமம் ஒன்றை வகுத்துக்கொண்டேன். மணி ஒலித்ததும் எழுந்து உட்காருதல். மாத்திரைக்கு முன் ஒரு மாலை ஜபம். ஒரே ஒரு மாலை. முற்பகலில் ஒரு வாக்கியமாவது மொழிபெயர்த்தல். மாலையில் உணவு கொண்டுவரும் பிரம்மசாரியிடம் ஓர் இன்சொல். உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவோடு இருப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. நோயாளிக்கு அளவு என்பது இன்று தன்னால் இயன்றது. ஆரோக்கியமாக இருந்தபோது செய்ததை அளவுகோலாகக் கொள்வது பணிவாகத் தோன்றும் கர்வமே.

நலம் தரும் சோதனை

மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் நின்றது; பசி திரும்பியது. சோதனை அப்போதுதான் வந்தது. 'நன்றாகத்தானே இருக்கிறோம், இன்னும் எதற்கு மாத்திரை?' என்று மனம் கேட்டது. பலர் சிகிச்சையை இடையில் விடுவது இக்கட்டத்தில்தான். மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். அவை பிறருக்கும் பரவும். ஆகவே என் ஒழுங்கு எனக்கு மட்டும் உரியதன்று. அருகில் வாழ்பவர்களுக்கு நான் காக்க வேண்டிய அஹிம்சையும் அதுவே. சிரத்தை என்பதன் பொருளும் அப்போது சற்று விளங்கியது. நோய் தீர்ந்தால் வழிபடுவேன் என்று இறைவனிடம் பேரம் பேசுவதோ, இறைவன் காப்பார் என்று மருந்தை விடுவதோ சிரத்தை ஆகாது. பலன் கண்ணுக்குத் தெரியாத நாளிலும், பலன் கிட்டிவிட்டதாகத் தோன்றும் நாளிலும், ஏற்றுக்கொண்டதை ஒரே சீராகச் செய்வதே சிரத்தை.

ஓரிரு நாள் தவறிப்போனால் என்ன செய்வது? மாத்திரை விடுபட்ட நாட்களை இறுதியில் சேர்த்து, மொத்தக் கணக்கை நிறைவு செய்யச் சொல்கிறார்கள். குற்ற உணர்ச்சியால் மறுநாள் இருமடங்கு விழுங்கச் சொல்வதில்லை. சாதனையிலும் அவ்வாறே. தவறிய நாளுக்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்வதும் தவறு; அதைக் காரணமாக்கி முழுவதையும் கைவிடுவதும் தவறு. அடுத்த காலையில் தொடர வேண்டும்.

168-ஆம் நாள் காலை பணியாளர் கடைசிக் கட்டத்தில் குறியிட்டார். அன்று ஜபத்தில் பெரிய இனிமை ஏதும் பொங்கிவிடவில்லை என்பதை உண்மையாகவே சொல்ல வேண்டும். ஆனால் இனிமை வந்ததா என்று தேடும் பழக்கம் குறைந்திருந்தது.

இப்போதும் முகாம்களில் அதே கேள்வியை அன்பர்கள் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் தேறிவருபவர்கள், மதுப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள், உற்றாரை இழந்து உள்ளம் உடைந்தவர்கள். அவர்களிடம் நான் கூறுவது இதுதான்: மனம் வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்களால் இயன்ற மிகச் சிறிய ஒன்றை, ஒரே நேரத்தில், மரியாதையோடு, நாள்தோறும் செய்யுங்கள். கதவைத் திறந்து வைப்பது நம் கடமை. விருந்தினர் எப்போது உள்ளே வருவார் என்பது அவர் திருவுளம்.