கேட்கச் செவியுள்ளோர் தேவை



நாவலப்பிட்டிக்கு அருகேயுள்ள தோட்டமொன்றிலிருந்து, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மகளொருத்தி தன் தாயுடன் பங்குமனைக்கு வந்தாள். "பாதர், நான் உளவளத்துணை படிக்கப் போகிறேன்" என்றாள். தாய்க்கு அது சற்றும் பிடிக்கவில்லை. "டீச்சர் என்றால் விளங்கும், நேர்ஸ் என்றால் விளங்கும். மற்றவர்கள் கதையைக் கேட்கிறதுக்கும் ஒரு படிப்பா, பாதர்?" என்று கேட்டார்.

தாயின் கேள்வி நியாயமானதே. அதற்கு நற்செய்தியிலேயே விடை தேடுவோம்.

ஆண்டவர் உயிர்த்த அன்று மாலை, சீடர் இருவர் மனமுடைந்து எம்மாவுஸ் ஊருக்கு நடந்து கொண்டிருந்தார்கள். வழியில் இயேசு அவர்களோடு சேர்ந்து நடந்தார். எருசலேமில் நிகழ்ந்தவற்றை அவரைவிட அறிந்தவர் யார்? ஆயினும் ஒன்றும் அறியாதவர் போல, என்ன நடந்தது என்று கேட்டார். அவர்கள் தம் ஏமாற்றம் முழுவதையும் கொட்டித் தீர்க்கும்வரை பொறுத்திருந்தார். அதன் பின்னரே மறைநூலை விளக்கினார். முதலில் கூட நடந்தார், பின் கேட்டார், அதற்குப் பின்பே பேசினார். இந்த ஒழுங்கை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

யோபுவின் நண்பர்களையும் நினைத்துப் பாருங்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து மௌனமாயிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல துணைவர்கள். என்றைக்கு வாய்திறந்து நியாயம் பேசத் தொடங்கினார்களோ, அன்றைக்கே அவருடைய புண்ணைக் கிளறியவர்களானார்கள். நம் வீடுகளிலும் புத்திமதிக்குப் பஞ்சமில்லை. பொறுமையோடு கேட்பதற்குத்தான் பஞ்சம்.

1935ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் ஆங்கிலிக்கன் குருவானவர், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்தார். பெண்பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் உடல் மாற்றத்தைக் கொடிய நோயென்று எண்ணி, கேட்டறிய ஒருவருமின்றி, அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லறையின் அருகே நின்ற நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. 1953 நவம்பரில், லண்டனிலுள்ள தமது ஆலயத்தில், மனம் சோர்ந்தோர் அழைப்பதற்கென ஒரு தொலைபேசியை வைத்தார். நேரில் வந்தவர்கள் அவரைக் காணக் காத்திருந்த வேளையில், தொண்டர்கள் தேநீர் கொடுத்து அருகிலிருந்து அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். பலர் தம் பாரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, குருவைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பினார்கள். இதைக் கண்ட அவர், 1954இல் தொலைபேசிப் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். நல்ல சமாரியனின் பெயரால் அவ்வியக்கம் வழங்கலாயிற்று. அதே நோக்கோடு நம் நாட்டில் 1974இல் 'சுமித்ரயோ' தொடங்கப்பட்டது.

அன்பர்களே, தேயிலை விளையும் மண்ணில் வாழும் நமக்கு ஒரு கோப்பைத் தேநீர் பெரிய காரியமல்ல. அதைக் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்திருப்பதுதான் பெரிய காரியம்.

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் இறப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. அதற்காக இறைவனுக்கு நன்றி. ஆனால் சட்டம் நஞ்சைத்தான் தடுக்கும். நெஞ்சிலுள்ள பாரத்தை இறக்க ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் நம் மலையகத்தில் தமிழ் பேசுபவராக இருத்தல் வேண்டும். வயிற்றுவலியை மொழிபெயர்ப்பாளர் மூலம் வைத்தியருக்குச் சொல்லிவிடலாம். குடிகாரக் கணவனோடு படும் பாட்டை, வெளிநாடு சென்ற தாயை நினைத்து ஏங்கும் பிள்ளையின் தவிப்பை, சொந்தப் பாஷையில் அல்லாமல் எப்படிச் சொல்வது? லயத்தில் ஓர் அறையில் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும். ஆகையால், சொன்னதை வெளியே விடாத ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி! பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தை அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மகளே, உனக்கும் ஒரு வார்த்தை. நல்ல மனம் மட்டும் போதாது; பயிற்சி வேண்டும். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணையில் டிப்ளோமா நடத்துகிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகிறார்கள். எந்த நோவுக்கு உன் செவி போதும், எதை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்தறியப் படிக்க வேண்டும். பிறர் துயரம் உன் உள்ளத்தைச் சோர்வடையச் செய்யாதபடி காத்துக்கொள்ளவும் படிக்க வேண்டும். அறிவுரை சொல்ல ஆசைப்பட்டு இத்தொழிலுக்குப் போகாதே. இதற்கு ஆற்றுப்படுத்தல் என்றும் பெயர். ஆறு என்றால் வழி. பழந்தமிழ் நாட்டில் பரிசில் பெற்று வந்த பாணன், எதிரே வந்த ஏழைப் பாணனுக்கு வழி சொன்னான். வழி சொன்னவன் அவனைத் தூக்கிச் செல்லவில்லை, நடந்தவன் அவனே.

உறுதிபூசுதலில் நாம் பெற்ற பரிசுத்த ஆவியின் கொடைகளுள் ஆலோசனையும் ஒன்று. அக்கொடை குருக்களுக்கும் கன்னியர்க்கும் மட்டும் உரியதன்று. சம்பளம் பெற்றுச் செய்யும் தொழிலிலும் அது கனி தரும். நம்மில் எல்லோரும் அதைத் தொழிலாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் இன்றிரவு, பேசாமல் மூலையில் குந்தியிருக்கும் பிள்ளையின் அருகே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அமர்வது எல்லோராலும் முடியும். பாரம் தாங்க முடியாத எவரும் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அந்தத் தாயிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அம்மா, உங்கள் மனக்குறையைச் சொல்ல இத்தனை தூரம் நடந்து வந்தீர்களே, எதற்காக?"

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின் மகளின் முகத்தைப் பார்த்தார். "யாராவது கேட்பார்கள் என்றுதான், பாதர்" என்றார்.

எம்மாவுஸ் வழியில் உடன் நடந்த ஆண்டவர், நமக்கும் கேட்கும் செவிகளைத் தருவாராக. ஆமென்.